மூன்றடி வழி

ஜூன் 2, திங்கள்

பிசியோதெரபி செய்யும் ரெஜினா இன்று முதல் தடவையாக வந்தார். இனி வாரத்துக்கு மூன்று நாள் வருவார். ஹாலைத் தாண்டிப் படுக்கையறைக்கு வர அந்தப் பெண் ஒருக்களித்து நடக்க வேண்டியிருந்தது.

"சார், இது வீடா, குடோனா?"

சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கட்டில்ல இருந்து பாத்ரூம், கட்டில்ல இருந்து சமையல்கட்டு, கட்டில்ல இருந்து வாசல். மூணு வழியும் மூணடி அகலம் வேணும். நாலுகால் கம்பு ஊனி நடக்கறவங்களுக்கு அதுக்குக் குறைஞ்சா ஆகாது."

டேப் வைத்து அளந்தேன். தாராளமான இடத்தில் இரண்டடி. ஹாலில் பீரோவுக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒன்றேகால் அடி.

என் மனைவி பூங்கோதைக்குப் பக்கவாதம் வந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்பதில்லை. வாயின் வலது ஓரம் இறங்கியிருக்கிறது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பேச்சில் "வேண்டா", "இது", "அது" என்ற மூன்றும்தான் வருகின்றன. முதல் மூன்று மாதத்தில் எவ்வளவு தேறுகிறாளோ அதைப் பொறுத்துத்தான் மீதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் மகள் ரேணுகா கூட இருந்தாள். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் திறப்பதால் நேற்று ஓசூருக்குத் திரும்பிவிட்டாள்.

ரெஜினா ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டார். "அன்னைக்குக் காலையில ஏதாவது தெரிஞ்சுதுங்களா சார்? கை மரத்துப் போறது, வாய் குழர்றது?"

"இல்லீங்க. ரிட்டயர்டு ஆளுங்க சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு மணிக்குத் திரும்பி வாறப்ப சமையக்கட்டுல உழுந்து கெடந்தா. போறப்ப நல்லாத்தான் இருந்தா."

ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

கோதை என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

ஹாலில் வேலை ஆரம்பம். மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவன் வீட்டில் என்ன இருக்குமோ அதெல்லாம் இருந்தது. ஓடாத டேபிள் ஃபேன் மூன்று. மிக்ஸி நான்கு, அதில் இரண்டுக்கு ஜார் இல்லை. ரெகுலேட்டர் ஒரு பெட்டி நிறைய. அறுத்த வயர் பதினோரு சுருள். எல்லாமே என்றைக்காவது ஆகும் என்று வைத்தவை.

பழைய இரும்பு எடுக்கும் காதர் பாய் சாக்குகளோடு வந்தார். "இத்தனை நாளா வந்து கேட்டுட்டு இருந்தேன், ஒரு ஆணி கூடக் குடுக்க மாட்டீங்களே!" என்றார்.

கோதையைச் சக்கர நாற்காலியில் ஹாலில் உட்கார வைத்திருந்தேன். மூன்றாவது ஃபேன் வெளியே போனபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். தோளில் போட்டிருந்த துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கண் சிரித்தது. ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான்.

ஜூன் 5, வியாழன்

ஹால்: இரண்டேமுக்கால் அடி. பீரோவை நகர்த்துகையில் என் கால் பெருவிரல் நகம் பெயர்ந்தது. கோதை நடை: ஆறு எட்டு வைத்தாள்.

ஜூன் 6, வெள்ளி

நடை: பதினான்கு எட்டு, கட்டிலிலிருந்து ஹால் நடுவரை. ரெஜினா கை தட்டினார். "அப்படியே வாசலுக்குப் போயிரலாம்மா. காத்து நல்லா வருது."

"வேண்டா."

"நாலே எட்டுதான்."

"வேண்டா, வேண்டா." துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே முழுக்கச் சுற்றிக்கொண்டாள். ரெஜினா துண்டை மெதுவாக விலக்கப் பார்த்தார். நல்ல கையால் தட்டிவிட்டாள்.

சோர்வாக இருக்கும் என்று சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

படுக்கையறை அலமாரி. என் பக்கத்தில் பழைய சட்டைகள், சங்கத்து நோட்டீஸ்கள், மூன்று டார்ச் லைட். முக்கால்வாசி போய்விட்டது. பிறகு அவள் பக்கம். தேதி முடிந்த மாத்திரை, காலி பவுடர் டப்பாக்கள், உடைந்த கண்ணாடி வளையல், ஒரு சின்னத் தகர டப்பாவில் ஊக்கு, நூல்கண்டு, துருப்பிடித்த சில்லறைச் சாமான். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டினேன். காதர் பாய் காத்திருந்தார்.

கோதை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அது! அது!" என்றாள். பிறகு ஒரு புது வார்த்தை வந்தது. "முள்ளு."

"முள்ளா? கால்லயா?"

"முள்ளு! முள்ளு!"

இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மெத்தை விரிப்பை உதறினேன். அதற்குள் காதர் பாய் சாக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் என் கையில் அடித்தாள். பிறகு அழுதாள். சாப்பிட மறுத்தாள்.

வலி எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலில் முள் குத்துவதுபோல் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுவாக இருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கோதை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கால்மணி நேரம் முதுகோடு பேசிவிட்டுப் போனார்.

ரேணுகா போன் செய்தாள். "அப்பா, உங்க பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." பிறகு டப்பாவைப் பார்த்தேன். ஐந்து நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

"வீட்டைக் காலி பண்றது சரி. தினம் ஒரு மணி நேரம் உங்களுக்குன்னு எடுத்துக்கங்க. எண்ணெய் தேச்சுக் குளிங்க. வெளியில போய் ஒரு டீ குடிங்க. நீங்களும் படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அவள் சொன்னதற்காக மத்தியானம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். காதர் பாய் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு ரெகுலேட்டரைப் பிரித்துச் சரிசெய்தேன். ரேஷன் கடைக்குப் போய் வந்த பிறகுதான் சட்டையை உட்புறம் வெளியாகப் போட்டிருப்பது தெரிந்தது.

ஜூன் 11, புதன்

புது வார்த்தைகள் வருகின்றன. இன்று "தண்ணி", "ரேணு", "காப்பி". ரெஜினா சொன்னார், "இன்னும் ஒரு மாசத்துல அம்மா கதையே சொல்லுவாங்க பாருங்க சார்."

நல்லதுதான் என்றேன்.

நடை இல்லை. கம்பைத் தொட மறுத்துவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

ரெஜினா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வழி கிட்டத்தட்ட ரெடி. காலும் ரெடி. மனசுதான் வர மாட்டேங்குது. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாருமே அவளைப் பாக்கறதில்லையே. பாக்க உட மாட்டேங்கறா."

"அதான் கேக்கறேன். எதைப் பாக்க விடமாட்டேங்கறாங்க?"

வாய்தான் என்று நினைத்தேன். அவர் போன பிறகு கோதைக்கு முகம் துடைத்துவிட்டேன். வழக்கமாக நெற்றி, கன்னம், கழுத்து. இன்று மோவாயை அழுத்தித் துடைத்தேன். துண்டின் நூல் எதிலோ மாட்டி இழுத்தது. அவள் முகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தேன்.

முடி. மோவாய்க்கு அடியில் எட்டோ ஒன்பதோ. கறுப்பும் வெள்ளையுமாக, கம்பிபோல, அரை அங்குல நீளம்.

"முள்ளு" என்றாள் மெதுவாக.

முள்வாங்கி. முள்ளும் முடியும் பிடுங்குகிற சின்ன இடுக்கி. அந்தத் தகர டப்பாவில் இருந்தது, நூல்கண்டுக்கு அடியில். என் கையாலேயே சாக்கில் கொட்டியிருக்கிறேன்.

கல்யாணமாகி முப்பத்துநாலு வருடம். அவள் முகத்தில் ஒரு முடியைக்கூட நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் ஜன்னல் வெளிச்சத்தில் நிற்பாள். வெளியே நின்று, "உள்ள என்னதான் பண்றே? எனக்கு நேரமாகுது" என்று நான் தட்டியிருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் இதைத்தான் செய்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு நாளாக அவளுக்கு அந்தக் கதவு இல்லை. நானும் ஆஸ்பத்திரியும் மாறிமாறி அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டிருக்கிறோம்.

காதர் பாய் கடைக்கு ஓடினேன். அந்தச் சாக்குகள் திங்களன்றே லாரி ஏறிவிட்டன. ஃபேன்சி ஸ்டோரில் புதிதாக ஒன்று வாங்கி வந்து, ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்து நானே ஆரம்பித்தேன். மழையில் கம்பத்தின் மேல் நின்று கம்பி இணைத்த கை. இதற்குப் பழகவில்லை. இருபது நிமிடத்தில் இரண்டு முடி. மூன்றாவதில் தோலைக் கிள்ளிவிட்டேன்.

"அய்யோ" என்றாள் தெளிவாக. பிறகு சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளவில்லை.

"பார்லர்ல பண்ணிக்கலாமா கோதை?"

"வேண்டா" வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 14, சனி

பக்கத்துத் தெரு வாசுகி பியூட்டி பார்லருக்குப் போனேன். கண்ணாடிக் கதவில் "பெண்களுக்கு மட்டும்" என்று இருந்ததால் படியிலேயே நின்று கூப்பிட்டேன். வாசுகி கை துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண் கலங்கியது.

"அக்காவா? ரெண்டு மாசமா காணமேன்னு நெனச்சேனுங்க. புருவம் எடுக்க மாசம் தவறாம வருவாங்க."

"கோதையா?"

"ஏழெட்டு வருசமாச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா அண்ணா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

ரேணுகா கல்யாணத்தின்போது கோதை புருவத்தைத் திருத்திக்கொண்டு வந்தாள். மகளுக்குக் கல்யாணம் பண்ணுகிற வயதில் உனக்கெதற்கு இது என்று நான் கேட்டேன். ரேணுகாவும் இருந்தாள், சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வாசுகி வீட்டுக்கே வந்து செய்கிறேன் என்றாள். கோதையிடம் வந்து சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"போறே... போறேன்."

"அங்கயேவா? நூத்தம்பது எட்டு வரும். மூணு படி வேற."

"போறேன்."

ஜூன் 16, திங்கள்

ரெஜினாவிடம் சொன்னதும் உடனே கணக்குப் போட்டுவிட்டார். சனிக்கிழமை பார்லர். அதற்குள் வாசல், கேட், படி. கோதை தானாகவே கம்பைக் கேட்டு வாங்கினாள். நடை: இருபத்திரண்டு எட்டு. வாசலில் துண்டு சுற்றிக்கொண்டாள், ஆனால் நின்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

கேட் வரை. இரண்டு தடவை.

ஜூன் 18, புதன்

வாசல் வழியில் என் இரும்புப் பெட்டி மட்டும் பாக்கி. வழி அங்கே இரண்டரை அடிதான். உள்ளே என் பழைய லாக் புத்தகங்கள். வேலையில் இருந்த காலத்தில் நேரம், இடம், நடந்தது என்று மூன்று பத்தியில் எழுதியவை. ஓய்வு பெற்ற பிறகு அதையே டைரியில் எழுதி வருகிறேன். புத்தகங்களைக் காதர் பாயிடம் கொடுத்துவிட்டேன். அவற்றை யார் கேட்கப் போகிறார்கள்?

பிறகு உட்கார்ந்து இந்த டைரியின் ஏப்ரல் பக்கங்களைத் திருப்பினேன். ஏப்ரல் 22, செவ்வாய். கூட்டத்துக்குப் புறப்படுமுன் அவசரத்தில் எழுதியது: "7.40. கோதை கை மரத்தது என்றாள். டம்ளரை நழுவ விட்டாள். கூட்டம் 8.30."

அவள் சொன்னது, "என்னுங்க, கையி மரத்துப் போச்சு. நாக்கும் என்னமோ மாதிரி இருக்குது." நான் சொன்னது, "உதறி உடு, சரியாப் போகும்." செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் செயலாளர் தேர்தல். நான் நின்றிருந்தேன். ஜெயித்தேன். மாலை போட்டார்கள். மாலையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். காலையில் எப்படி இருந்தார் என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தா என்றேன். அவள் அப்போது பேச்சில்லாமல் பக்கத்துக் கட்டிலில் கிடந்தாள், கண் திறந்திருந்தது.

பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பிடித்தேன். கிழிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

படி ஏறி இறங்கப் பழக்கம். ஒரு தடவை சறுக்கினாள். ரெஜினா பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒரு ஸ்டூல் எடுத்துக்கங்க சார், நடுவுல உக்கார." கோதை "நாளைக்கு" என்று தனக்குத்தானே நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

காலை பத்தே காலுக்குப் புறப்பட்டோம். நீலப் புடவை, அவளே காட்டியது. ரேணுகா இல்லாததால் கொசுவம் நான் வைத்தேன், சுமார்தான். முகத்தில் துண்டு. நான் ஸ்டூலோடு பின்னால். மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து, "ஆசுபத்திரிக்குங்களா?" என்று கேட்டார்.

"பார்லர்" என்றாள் கோதை. அந்த வார்த்தை எங்கிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

படியில் வாசுகி வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீங்க வெளியில இருங்க. ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ரெண்டு மணி நேரமா?"

"முடி மட்டும் எடுத்தாப் போதுங்களா? அக்காவுக்குத் தலை அலசி, டை போட்டு, காலை வெந்நீர்ல ஊறவெச்சு எல்லாம் பண்ணணும். வலது கால்ல சூடு தெரியாதில்ல, நான் கையை உட்டுப் பாத்துட்டுத்தான் வைப்பேன். நீங்க உக்காருங்க."

படியில் உட்கார்ந்தேன். உள்ளே ரேடியோ ஓடியது. வாசுகி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே கோதையின் குரல், ஒற்றை வார்த்தையாக. ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என்னைப் பற்றியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அப்படியே கதவில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

தோளில் கம்பு இடித்ததும் விழித்தேன். கோதை வாசலில் நின்றாள். துண்டு வாசுகியின் கையில் இருந்தது. தலை கறுப்பு. புருவம் இரண்டும் கோடு போட்டதுபோல. மோவாய் சுத்தம். வாயின் ஓரம் இறங்கியது இறங்கியபடிதான் இருந்தது, அதை அவள் மூடவில்லை.

"எப்படி?"

"நல்லா இருக்கு கோதை."

வாசுகியின் கையிலிருந்து துண்டை நான் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது அவள் ஒரு இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஜன்னலோரம் கைக்கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் காத்தால கை மரத்துப் போச்சுன்னு சொன்னே. நான் கேட்டுட்டுத்தான் போனேன். டாக்டர்கிட்டச் சொல்லலே. யார்கிட்டயும் சொல்லலே."

கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

"எனக்கு என்ன சொல்றதுன்னே..."

"ரேணு?"

"அவளுக்கும் சொல்லலே."

"சொல்லு" என்றாள். இதுவரை என்னிடம் ஒருமையில் பேசியதில்லை. வார்த்தை அவ்வளவுதான் வந்ததா, வேண்டுமென்றே சொன்னாளா தெரியாது. நான் கேட்கவில்லை.

கண்ணாடியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 23, திங்கள்

ரேணுகாவுக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாவற்றையும், தேர்தல் உட்பட. "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

ரெஜினாவின் படிவத்திலும் திருத்தி எழுதச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் எழுதினார். "மணி?" என்று மட்டும் கேட்டார். ஏழு நாற்பது என்றேன். அடுத்து கோதைக்குக் கைப்பயிற்சி கொடுக்கப் போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

ரேணுகா போன் இல்லை. கோதை குளியலறைக்குத் தனியாகப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் போடாதே என்று மட்டும் சொன்னேன். பதினெட்டு நிமிடம். நான் தட்டவில்லை.

ஜூன் 25, புதன்

போன் இல்லை. சங்கத்துச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

பதினொரு மணிக்கு மணி அடித்தது. என் போனுக்குத்தான், ஆனால் வீடியோ. "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள் ரேணுகா. கொடுத்துவிட்டுச் சமையல்கட்டில் நின்றேன்.

முதலில் ரேணுகா அழுதாள். பிறகு, "அம்மா, தலைக்கு டை போட்டியா? யாரு போட்டது?" என்றாள். "வாசுகி" என்றாள் கோதை. புருவத்தைப் பற்றியும் ஏதோ பேசினார்கள். பிறகு ரேணுகாவின் குரல் தாழ்ந்தது. கோதையின் பதில்கள் மட்டும் கேட்டன.

"ஆமா."

"கேட்டுட்டுத்தா... போனாரு."

"தெரியு... முன்னாடியே."

பிறகு வெகுநேரம் ரேணுகா பேசினாள். கோதை இடையில் ஒரே ஒரு தடவை சொன்னாள், "திட்டு. நல்லாத் திட்டு."

கம்பின் சத்தம் வந்தது. கோதை சமையல்கட்டு வாசலுக்கு வந்து, கம்பை நிறுத்திவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை நல்ல கையால் எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. உங்களுக்கு."

வாங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ரேணுகா இருபத்தாறு நிமிடம் திட்டினாள். ஏப்ரலில் ஆரம்பித்து அவள் கல்யாணத்துக்குப் போய், அதற்கும் முன்னால் நான் மறந்துபோனவை வரைக்கும் போனாள். எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. வெறும் ஹாலில் சாய்ந்துகொள்ள ஒரு மேஜைகூட இல்லை. நடுவில் நின்றுகொண்டே கேட்டேன்.

முடிந்ததும் கோதை என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் தேடினாள்.

"முடி வெட்டி... ரெண்டு மாசமாச்சு. போயிட்டு வாங்க."

போனேன். ஷேவிங்கும் சேர்த்துச் செய்யச் சொன்னேன். அவசரமா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்றேன்.